எலுமிச்சை மரத்தடியில் ஒரு மலை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான். இதைச் சொல்லும்போது என் தலை தானாகக் கொஞ்சம் நிமிர்ந்துவிடும். ஒன்பது வயதில் அந்தத் தலை இன்னும் உயரத்தில் இருந்தது. மெல்பர்னில், ஓக்லி ரயில் நிலையத்துக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குள் வெளியுலகம் வரவேண்டுமென்றால், அது என் வாய் வழியாகத்தான் வந்தாக வேண்டும். தபாலில் வரும் கடிதம், டாக்டர் கேட்கும் கேள்வி, இறைச்சிக்கடைக்காரரின் கிண்டல் எல்லாவற்றையும் அம்மாவுக்குத் தமிழில் எடுத்துச் சொல்பவள் நான். அப்பாவுக்கும் இங்கிலீஷ் வரும். ஆனால் அது முழுக்கச் சமையலறை இங்கிலீஷ். உப்பு, நெருப்பு, 'எஸ் சார்' ஆகியவற்றைத் தாண்டி நகராது.

அப்பா இலங்கை மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவில் சமையற்காரராக இருந்தவர். எழுபதுகளின் நடுவில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் துரை குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. துரையம்மாவுக்கு அப்பாவின் கோழிக்கறியைப் பிரிய மனம் வரவில்லை. அந்தக் கோழிக்கறியின் தயவில் நாங்கள் மூன்று பேரும் விமானம் ஏறினோம். இரண்டே வருடத்தில் துரையம்மாவுக்கு டாக்டர் காரத்தைத் தடை செய்துவிட, அப்பா ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைக்குப் போனார்.

அம்மா அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். பன்னிரண்டு வயதில் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டியவள். மெல்பர்னுக்கு வந்த முதல் நாள் தெருவோரம் நின்ற தைல மரங்களைப் பார்த்துவிட்டு, "நம்ம தோட்டத்து மரத்த இவங்க எப்பக் கொண்டாந்தாங்க?" என்று கேட்டாள். மரம் இங்கிருந்துதான் அங்கே போனது என்று பள்ளிக்கூடத்தில் படித்து வந்து சொன்னேன். அம்மா நம்பவில்லை. டீச்சருக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள்.

எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒரு கிரேக்கத் தம்பதி. அந்தப் பெண் தன்னைத் 'தியா' என்று கூப்பிடும்படி என்னிடம் சொன்னாள். கிரேக்கத்தில் அத்தை, சித்தி எல்லாவற்றுக்கும் அதுதான் சொல். அம்மா அதைப் பெயர் என்றே நினைத்துக்கொண்டு, தன்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்பதால் 'தியாக்கா' என்று கூப்பிட்டாள்.

இரண்டு பேரும் சிநேகமானதற்குக் காரணம் ஒரு கீரை. எங்கள் இரு வீட்டுக்கும் பின்னால் ரயில் வேலி ஓடியது. கோடையில் அதன் ஓரமெங்கும் குப்பைக்கீரை முளைக்கும். தெருவிலிருந்த மற்றவர்களுக்கு அது களை. ஒருநாள் காலையில் அம்மா அதைக் கிள்ளிக்கொண்டே போக, எதிர்ப்பக்கத்திலிருந்து தியாவும் கிள்ளிக்கொண்டே வர, ஒரே செடியில் இரண்டு கைகளும் சந்தித்தன. அம்மா தன் மடியை விரித்துக் காட்டினாள். தியா தன் ஏப்ரனை விரித்துக் காட்டினாள். பொது மொழி என்று ஒரு சொல்லும் இல்லாத இருவர் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அதன்பின் மல்கிரேவ் பக்கம் அப்போது வெறும் புல்வெளியாகக் கிடந்த இடங்களுக்குக்கூட இருவரும் பஸ் பிடித்துக் கீரை பறிக்கப் போனார்கள். மொழிபெயர்ப்பாளராக நானும் இழுபட்டேன்.

நாங்கள் வந்த இரண்டாம் வருடம், தியாவின் அம்மா ஊரில் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. அன்றிலிருந்து தியா கறுப்பைத் தவிர வேறு நிறம் உடுத்தவில்லை. சில மாதம் கழித்துத் துணியால் தைத்த ஒரு பார்சல் வந்தது. அதற்குள் நூலால் கட்டிய ஒரு கட்டு. ஒரு முழ நீளத்தில் காய்ந்த தண்டுகள், சாம்பல் நிறத்தில் வெல்வெட் மாதிரி இலைகள், நுனியில் காய்ந்த மஞ்சள் பூக்கள். தியா அதைச் சமையலறையில், மாதா படத்துக்குப் பக்கத்து ஆணியில் தலைகீழாகத் தொங்கவிட்டாள். பிஸ்கட்டுக்காக அங்கே போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் அது அப்படியே தொங்கியது.

அடுத்த குளிர்காலத்தில் அம்மாவுக்கு இருமல் பிடித்தது. மூன்று வாரமாகியும் விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை தியா அந்தக் கட்டை இரண்டு கைகளிலும் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு எங்கள் பின்வாசலுக்கு வந்தாள். உடைந்த இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னாள்.

"இது மலை டீ. எங்க ஊருக்கு மேலே, கல்லுக்கு நடுவுல வளரும். என் அம்மா பறிச்சது. சாகுறதுக்கு முந்தின கோடையில. இதுதான் கடைசி, இனி இல்லை. தண்டு, பூ, எல்லாம் அப்படியே தண்ணியில போட்டுக் கொதிக்கவைக்கணும். தேன் விடலாம். பால் கூடாது. உன் அம்மாகிட்ட சொல்லு."

அந்த வாரம்தான் வகுப்பில் ஒரு பத்தியை ஒரே வரியில் சுருக்கப் பழக்கியிருந்தார்கள். என் சுருக்கத்துக்கு டீச்சர் தங்க நிற நட்சத்திரம் ஒட்டியிருந்தார். தொலைக்காட்சியில் நான் பார்க்கும் நிகழ்ச்சி வேறு தொடங்கிவிட்டது. நான் அம்மாவிடம் திரும்பி, "டீயாம்மா. இருமலுக்கு நல்லதாம்" என்றேன். நட்சத்திரத்துக்குத் தகுதியான சுருக்கம்தான்.

தியா போனதும் அம்மா கட்டை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் பரிதாபம் வந்தது.

"அடப்பாவமே! இத யாரு புள்ள எடுத்தது? காம்பு, பூவு, முத்தல் எல்லாம் ஒண்ணாக் கெடக்கு. நம்ம கங்காணி பார்த்திருந்தா கூடையோட தலையில கவுத்திருப்பான்."

தோட்டத்தில் பெண்கள் பறிப்பதைக் கூடவே நின்று மேற்பார்வை பார்க்கிறவர் கங்காணி. இரண்டு இலையும் ஒரு மொட்டும் தவிர வேறொன்று கூடையில் கிடந்தால் அன்றைய பொழுது நரகம். அந்தக் கண்ணோடு பார்த்தால், தியா கொண்டுவந்தது தேயிலையே அல்ல. தேயிலைக்கு நேர்ந்த அவமானம்.

"தியாக்காவ யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க" என்றாள் அம்மா. "நீ வாயத் தொறந்துடாத. பாவம், ஆசையாக் கொண்டாந்திருக்கு. மனசு சங்கடப்படும்."

சனிக்கிழமை முழுவதும் அம்மா இருமிக்கொண்டே உட்கார்ந்து வேலை செய்தாள். அப்பாவின் பெரிய ரொட்டித் தட்டைப் புடைக்கும் சுளகாக்கிக்கொண்டாள். தண்டுகளிலிருந்து இலையை உருவினாள்; பூக்களை உதிர்த்து ஒதுக்கினாள்; முத்தல் இலையைக் கழித்தாள். மிஞ்சியதை வெறும் சட்டியில் லேசாகச் சூடுகாட்டி, உள்ளங்கையால் கசக்கித் தூளாக்கிப் புடைத்தாள். இடையிடையே என் மூக்கருகில் கையை நீட்டி, "மோந்து பாரு, நல்ல மணம்தான். பறிச்ச கைதான் சரியில்ல" என்றாள். கழித்ததையெல்லாம் கொண்டுபோய்ப் பின்வளவில், எலுமிச்சை மரத்தடியில் கொட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை தியா தேவாலயத்திலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா நல்ல கோப்பைகளை எடுத்தாள். அந்தத் தூளைக் கொதிக்கவைத்து, இஞ்சி தட்டி, ஏலம் போட்டு, பால் விட்டு, சர்க்கரை தாராளமாக. எங்கள் வீட்டில் விருந்தாளிக்கு அதற்கு மேல் மரியாதை கிடையாது. தியா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மீதியையும் குடித்தாள்.

அம்மா, சுத்தம் செய்த தூளில் பாதியை ஒரு ஜாம் போத்தலில் போட்டு ரிப்பன் கட்டி வைத்திருந்தாள். அதைத் தியாவின் கையில் கொடுத்துவிட்டு என்னிடம், "சுத்தம் பண்ணி வெச்சிருக்கேன்னு சொல்லு. இனிமே வாங்குறப்ப எங்கிட்ட ஒரு தடவ காட்டச் சொல்லு" என்றாள். இதை மட்டும் நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

தியா போத்தலை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினாள். "தண்டு எங்கே?" என்றாள். பிறகு, "பூ எங்கே?"

"என்ன கேக்குறாங்க?" என்றாள் அம்மா.

"காம்பு எங்கன்னு கேக்குறாங்க."

அம்மா பெருமையோடு பின்கதவைத் திறந்து மரத்தடியைக் காட்டினாள். குப்பையையா தேடுகிறாள் என்பதுபோல ஒரு சிரிப்பு. முந்தின நாள் பெய்த மழையில் தண்டுகள் மண்ணோடு ஒட்டிக் கிடந்தன.

தியா படியிறங்கிப் போனாள். தேவாலயத்துக்கு உடுத்திய கறுப்புப் பாவாடையோடு ஈர மண்ணில் மண்டியிட்டாள். ஒவ்வொரு தண்டாக எடுத்து, ஏப்ரன் இல்லாததால், பாவாடையிலேயே துடைத்து மடியில் அடுக்கத் தொடங்கினாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அம்மாவின் சிரிப்பு நின்றது. அவள் தியாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்குத் தியாக்கா என்ன சொன்னாங்க?"

"டீன்னு..."

"அவங்க அவ்வளவு நேரம் பேசினாங்களே. முழுசாச் சொல்லு."

எனக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை என்பதுதான் அதில் மோசமானது. மலைக்கு மேலே, கல்லுக்கு நடுவில், என் அம்மா பறித்தது, கடைசி, இனி இல்லை, பால் கூடாது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் இறங்கிப்போனது. அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் இறங்கினாள். தியாவுக்கு எதிரே உட்கார்ந்து அவளுடைய சேறு படிந்த இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அதை மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடவில்லை.

பிறகு இருவரும் பொறுக்கினார்கள். தண்டு பொறுக்குவதில் அம்மாவின் விரல்களுக்கு ஈடு கிடையாது. தியா ஒன்று எடுப்பதற்குள் அவள் ஐந்து எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தலை நிமிராமலே, "அவங்க ஊரு எப்படி இருக்கும்னு கேளு" என்றாள். "சுருக்காதே."

தியா சொன்னாள். அன்று நான் மூச்சு விடவும் பயந்து மொழிபெயர்த்தேன்.

ஊர் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீடுகள் கல், கூரையும் கல்தான், பலகை பலகையாக. ஊர் நடுவில் ஒரு மரம். ஓக்லியில் பட்டை உரிந்து உரிந்து நிற்கிறதே பிளேன் மரம், அதே இனம், ஆனால் பத்துப் பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அதன் வேருக்கடியிலிருந்து ஊற்று வருகிறது. நடுக்கோடையிலும் அந்தத் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும். ஊருக்கு மேலே கஷ்கொட்டைக் காடு. இலையுதிர் காலத்தில் முள்ளுறை வெடித்துக் கொட்டைகள் விழும் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். அதற்கும் மேலே ஊசியிலை மரங்கள், பகலிலும் இருட்டு. அதற்கும் மேலே...

"அதுக்கும் மேலயா?" என்றாள் அம்மா.

அதற்கும் மேலே மரமே இல்லை. கல், காற்று, கழுகு, எங்கேயோ ஆட்டுமணிச் சத்தம். அந்தக் கல்லிடுக்கில்தான் இந்தச் செடி. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் ஒரு நூல் மாதிரிக் கடல் தெரியும். பனிக்காலத்தில் மூன்று மாதம் பாதை மூடிவிடும். ஊர் அப்படியே வெள்ளைக்குள் உட்கார்ந்திருக்கும்.

அம்மா கேட்ட கேள்விகள் வேறு யாரும் கேட்டிருக்க முடியாதவை. எத்தனை மணிக்கு மலை ஏறுவீங்க? விடியுமுன். செருப்புப் போட்டா, வெறுங்காலா? சின்ன வயதில் வெறுங்கால். அட்டை கடிக்குமா? அட்டை இல்லை, பாம்பு உண்டு. சுமை யாரு தூக்குறது? கழுதை.

"கழுதையா!" என்றாள் அம்மா பொறாமையோடு. "எங்களுக்கு நாங்களேதான் கழுதை."

இதை மொழிபெயர்த்ததும் தியா அன்று முதல்முறையாகச் சிரித்தாள். உடனே கண்ணீரும் வந்தது. இரண்டையும் ஒன்றாகவே துடைத்துக்கொண்டாள்.

"காம்ப ஒடிக்கிறதா, வெட்டுறதா?"

சின்ன அரிவாளால் வெட்டுவது. வேரை அசைக்கக் கூடாது. வேரோடு பிடுங்குகிறவளை ஊரே திட்டும். பூவோடு வெட்டினால்தான் மருந்து.

அம்மா யோசித்தாள். "அப்ப வெவரமான ஆளுங்கதான்" என்றாள். இறந்துபோன அந்த அம்மாவிடம் கங்காணி பேச்சுக்கு அவள் கேட்ட மன்னிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

தண்டுகளை அம்மா அடுப்பருகே உலர்த்தி, வெள்ளை நூலால் கட்டி, தியா வீட்டு ஆணியில் தன் கையாலேயே மாட்டிவிட்டு வந்தாள். முன்பிருந்ததில் பாதிதான் இருந்தது. ஜாம் போத்தலைத் தியா திருப்பிக் கொடுத்துவிட்டாள்; இருமலுக்குக் கொடுத்தது இருமலுக்கே என்றாள். அம்மா அந்தத் தூளைப் பால் விடாமல் தேனோடு, கடைசிச் சிட்டிகை வரை குடித்தாள். ஒவ்வொரு முறையும் குடிக்குமுன் கொஞ்ச நேரம் முகர்ந்துகொண்டிருப்பாள். இருமல் போய்விட்டது.

அந்த வசந்தத்தில் எலுமிச்சை மரத்தடியில் ஒரு செடி முளைத்தது. முதலில் பார்த்தவள் நான். சாம்பல் நிறம், வெல்வெட் இலை. "அம்மா, விதை விழுந்து முளைச்சிருக்கு!" என்று கத்தினேன். என் பாவம் தீர்ந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. அம்மா வந்தாள். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "வந்துருச்சு போல. போய்த் தியாக்காவக் கூட்டிட்டு வா" என்றாள்.

தியா வந்து நின்று பார்த்தாள். குனிந்து இலையைத் தொட்டாள். நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கடைசியில், "இதுக்குக் கல் வேணும்" என்றாள்.

அதன்பின் அவர்கள் கீரைக்குப் போகும் இடங்களிலிருந்தெல்லாம் கற்கள் வந்தன. ஓடையோரக் கல், ரயில் பாதைக் கல், ஒருமுறை மல்கிரேவிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பாறைத் துண்டு. மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மலை எழுந்தது. அப்பா புல்வெட்டும் இயந்திரத்தோடு அந்தப் பக்கம் திரும்பினாலே அம்மாவின் குரல் உயரும். சாயங்காலங்களில் இருவரும் அதற்கு எதிரே கதிரை போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். என் மொழிபெயர்ப்பு மெல்ல மெல்லத் தேவைப்படாமல் போனது. இருவருக்கும் நடுவே கொஞ்சம் கிரேக்கமும் கொஞ்சம் தமிழுமாக ஏதோ ஒன்று ஓடியது.

செடி பூத்தபோது பூ வெள்ளையாக இருந்தது. "மஞ்சள்னு சொன்னீங்களே?" என்று தியாவிடம் கேட்டேன். "இங்கே மண் வேற" என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பத்து வருடம் கழிந்தது. நான் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கப் போனேன். எங்கள் குடும்பத்தில் இதுவும் முதல். ஒருநாள் வகுப்பு மேசையில் களைச்செடிகளைப் பரப்பி அடையாளம் சொல்லச் சொன்னார்கள். மூன்றாவது தட்டில் எங்கள் மலை இருந்தது. சாம்பல் நிறம், வெல்வெட் இலை, வெள்ளைப் பூ. ஹோர்ஹவுண்ட். விக்டோரியாவின் மேய்ச்சல் நிலங்களெங்கும் மண்டிக் கிடக்கும் களை. தியாவின் மலை டீயும் இதே குடும்பம்தான். ஆனால் இது அது இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தியாவின் வீட்டுக்குப் போனேன். அதிர்ச்சி தரும் செய்தியை மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருந்தேன். பாதி சொல்வதற்குள் தியா சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

"எங்க ஊர் ஆட்டுப்பட்டியைச் சுத்தி இதுதான் முளைக்கும். முதல் நாளே தெரியும்."

"அப்புறம் ஏன் கல்லைச் சுமந்தீங்க?"

"உன் அம்மா மரத்தடியில கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னா. அவளைப் பார்த்து நான் என்ன சொல்ல?" என்று என் கையைத் தட்டினாள். "நீ போய் அவகிட்ட சொல்லிடாதே. மனசு சங்கடப்படும்."

எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். அம்மா பின்வளவில் செம்பால் அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஓர் இலை காலில் ஒட்டியது. குனிந்து எடுத்து, பழக்கத்தில் கசக்கி முகர்ந்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

செடி முளைத்த அன்றும் அப்படித்தான் துடைத்தாள். கொழுந்தைக் கசக்கி முகர்ந்தே எந்த மலையில் பறித்தது என்று சொல்லக்கூடியவள். ஒரு போத்தல் மலை டீயைச் சிட்டிகை சிட்டிகையாக முகர்ந்து முகர்ந்து குடித்து முடித்தவள்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"அந்தக் கல்லு ஒண்ணு சரிஞ்சிருக்கு பாரு. தியாக்கா வர்றதுக்குள்ள தூக்கி வை."

தூக்கி வைத்தேன்.